இடது பக்கம் இழுக்கும் சைக்கிள்

இத்தாலிக்குப் போய் வந்தேன் என்றதும் எல்லோரும் ரோமைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ரோமை நான் பார்க்கவில்லை. விமானம் மாறும்போது அதன் பெயர் எழுதிய பலகையைப் பார்த்தேன். மற்றபடி நான் பார்த்தவை ஒலிவ் மரங்கள், மத்தியான வெயிலில் பூட்டிக் கிடந்த கிராமங்கள், என் மகளின் முதுகு. மூன்றிலும் முதுகைத்தான் அதிகம் பார்த்தேன். ஆறு நாளும் அதற்குப் பின்னால்தான் சைக்கிள் ஓட்டினேன்.

சைக்கிள் சுற்றுலா போகிற ஆள் நான் இல்லை. எனக்கு ஐம்பது வயது. யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியையாக இருந்தேன். ரொறன்ரோவில் மூக்குக்கண்ணாடி வில்லைகளைச் சோதித்து அனுப்பும் ஓரிடத்தில் வேலை. கார் ஓடப் பழகவில்லை. பஸ்ஸில் போவேன், கணவர் ஏற்றிப்போனால் காரில் போவேன், அதிலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் போவேன்.

காரணம் மகள் அபி. இருபத்திரண்டு வயது. போன ஐப்பசியில், வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு பஸ் தரிப்புத் தள்ளி, லோரன்ஸ் அவெனியூவில் ஒரு கடைத்தொகுதி வாசலில் அவள் சைக்கிளில் ஒரு வான் மோதியது. தோள் எலும்பு முறிவு, தலையில் அடி, பதினொரு நாள் ஆஸ்பத்திரி. அவள் தேறிவிட்டாள். நான்தான் தேறவில்லை. இன்றைக்கும் அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் வில்லையைக் கீழே வைத்துவிட்டு, இந்த நேரம் அபி எங்கே நிற்பாள் என்று மணிக்கூட்டைப் பார்ப்பேன்.

இப்படி இருக்கையில் அவளுக்கு ஹலிஃபக்ஸில் கடலைப் பற்றிய மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. புரட்டாசியில் தொடங்கும். தனியாக அறை எடுத்து இருப்பாளாம், படிக்கப் போக சைக்கிளாம். நான் ஒரே சொல்லில் முடித்தேன்.

"நான் போகலாம் அம்மா, எனக்கு வயசு காணும்" என்றாள். "ஆனா உங்களோட கோவிச்சுக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. ஒண்டு செய்வம். என்னோட ஆறு நாள் சைக்கிள் ஓடுங்கோ. நான் எப்பிடி ஓடுறன் எண்டு பாருங்கோ. ஆறாம் நாள் ஓம் அல்லது இல்லை எண்டு சொல்லுங்கோ. இல்லையெண்டா நான் ரொறன்ரோவிலேயே படிக்கிறன். பிறகு வாயே திறக்கமாட்டன்."

"இல்லையெண்டுதான் சொல்லுவன்."

"அப்ப சும்மா இத்தாலியைப் பாத்ததா இருக்கட்டும்."

இத்தாலி என்றது அவள் பகுதிநேர வேலை செய்த பேக்கரியால் வந்தது. அங்கே முதலாளி அம்மா இத்தாலியின் தென்கிழக்கு மூலைக்காரி. அந்த நாட்டைச் சப்பாத்து என்று எடுத்தால் குதிக்கால் பக்கம். "உள்ளங்கை மாதிரித் தட்டை. பாதையில் காரைவிட ஆடு அதிகம்" என்று அவர் சொல்லியிருக்கிறார். அபிக்கு இத்தாலியனும் அவர்தான் பழக்கியது. மாவு, உப்பு, அடுப்பு, திட்டு என்ற நான்கு துறையிலும் அவள் சரளமாகப் பேசுவாள்.

முதல் நாள், லெச்சே என்ற பழைய பட்டணத்தில் வாடகைக்கு இரண்டு சைக்கிள் எடுத்தோம். நான் முந்தின நாளே சந்தையில் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்தேன். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம் எங்கள் ஆட்கள் வாங்கும் ஒவ்வொரு காரும் சில்லுக்கு ஒன்றாக நான்கு தேசிக்காயை நசித்துக்கொண்டுதான் வீதிக்கு இறங்கும். சைக்கிளுக்கு ஏன் அந்த மரியாதை இல்லை? ஆளுக்கொன்றாக முன்சில்லின் கீழ் வைத்தேன்.

அந்த ஊர் எலுமிச்சை எங்கள் தேசிக்காய் இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை. தோல் பெருவிரல் மொத்தம், உருவம் தென்னங் குரும்பட்டி. நான் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு பெடலை மிதித்தேன். சில்லு பழத்தின் மேல் ஏறியது, நசிக்கவில்லை, வழுக்கியது. பயணத்தில் முதல் தரம் விழுந்தது புறப்படுவதற்கு முன்னமே நடந்தது.

கடைக்காரர் ஓடி வந்து என்னைத் தூக்கினார். பிறகு அபியிடம் மெதுவாகக் கேட்டார். அவள் எனக்குச் சொன்னாள்: "'உன்னுடைய அம்மாவுக்கு சைக்கிள் ஓடத் தெரியும் எண்டாயே' எண்டு கேக்கிறார்."

"பத்து வருசம் சீலையோட பள்ளிக்கூடத்துக்கு ஓடினவள் எண்டு சொல்லு."

"அப்ப எலுமிச்சம்பழம் இருக்கேல்லையோ எண்டு கேக்கிறார்."

அவர் விழுந்த பழத்தை எடுத்துத் துடைத்து, வெட்டி, உப்புத் தூவி எங்களுக்கே தின்னத் தந்தார். சடங்கு வயிற்றுக்குள் முடிந்தது.

ஓடத் தொடங்கியதும் கால்கள் தானாகச் சுற்றின. பஞ்சாபி உடுப்பு, ஓட்டச் சப்பாத்து, கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டு அதன் மேல் ஹெல்மெட். ஊர் எல்லை தாண்டியவுடன் பாதை ஒரு மாட்டுவண்டி அளவுக்குச் சுருங்கியது. இரு பக்கமும் சாந்து இல்லாமல் அடுக்கிய கல்மதில். மதிலுக்கு அப்பால் சிவப்பு மண், அதில் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி ஒலிவ் மரங்கள். அரை மணி நேரத்தில் எதிர்ப்பட்ட வாகனம் ஒன்று, அதுவும் ஓடவில்லை. நிழலில் நிறுத்தி அதற்குள் ஒருவர் நித்திரை.

"அம்மா! வலப்பக்கம்!" என்று அபி கத்தினாள்.

நான் பாதையின் இடப்பக்கத்தில் போய்க்கொண்டிருந்தேன். வலப்பக்கம் வந்தேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி இடப்பக்கம். யாழ்ப்பாணத்தில் இடப்பக்கம் ஓடிய உடம்பு. பன்னிரண்டு வருடம் கனடாவில் இருந்தும், அந்தப் பன்னிரண்டு வருடமும் நான் சைக்கிளில் ஏறவில்லை என்பதால், உடம்புக்கு யாரும் செய்தி சொல்லவில்லை. அபி பின்னால் திரும்பித் திரும்பிக் கத்திக் களைத்துப்போனாள்.

"உந்த சைக்கிள் இடப்பக்கம் இழுக்குது" என்றேன்.

"சைக்கிள் இல்லை, அம்மா."

எனக்கு இன்னொரு நியாயமும் இருந்தது. வலப்பக்கம் போனால் வாகனம் முதுகுக்குப் பின்னால் வரும். முதுகில் எனக்குக் கண் இல்லை. இடப்பக்கம் போனால் வருகிற வாகனம் முகத்துக்கு நேரே வரும், பார்த்து விலகலாம். வீதியில் நடக்கும்போது வாகனத்தை எதிர்நோக்கி நட என்று நான்தானே பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு கிராமத்துக்குள் போனோம். ஆள் அரவம் இல்லை. கதவுகள், யன்னல்கள், கடைகள், தேவாலயம் எல்லாம் பூட்டு. பகலில் ஒரு ஊரே பூட்டிக் கிடந்தால் எங்கள் ஆட்களுக்கு அதன் அர்த்தம் வேறு.

"ஊரடங்குச் சட்டமோ பிள்ளை?"

"சாப்பிட்டிட்டுப் படுத்திருக்கினம் அம்மா. அஞ்சு மணிக்கு எழும்புவினம்."

ஐந்து மணிக்கு உண்மையாகவே எழும்பினார்கள். சதுக்கத்து வாங்கில் ஏழெட்டு வயதானவர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்து எங்களை விசாரித்தார்கள். ஒருவர் என்னைக் காட்டிக் கேட்டார்: "எங்கேயிருந்து?"

"கனடா" என்றாள் அபி.

"அதற்கு முன்?"

"இலங்கை."

"அதற்கு முன்?"

அதற்கு முன் என்ன என்று எனக்கும் தெரியவில்லை. அவர் விளக்கினார்: இந்தக் கிராமத்துக்காரர் கிரேக்கத்திலிருந்து வந்தவர்கள், எப்போது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை, வீட்டில் இன்னும் ஒருவகைக் கிரேக்கம்தான். "பேரப்பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள், பதில் இத்தாலியனில் சொல்வார்கள்" என்று குறைப்பட்டார். நான் அபியைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

கனடா என்ற சொல் மதில்களைத் தாண்டிப் போயிருக்கவேண்டும். ஒரு அம்மா கையில் மாவோடு ஓடி வந்தார். "ரொறன்ரோவா? என் தங்கை அங்கேதான்! அசுந்தா. வாசலில் அத்தி மரம், பச்சைக் கதவு. தெரியும்தானே?" இப்படிக் கேட்பது எங்கள் ஆட்கள் மட்டும்தான் என்று இவ்வளவு நாளும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். "கண்டால் சொல்லுகிறோம்" என்று அபி சொல்ல, அவர் அசுந்தாவுக்குச் சொல்லவேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார். முக்கியமானது, அவள் கடிதம் போடுவதில்லை என்பது.

அன்று அவர் வீட்டில்தான் சாப்பாடு. இரண்டு தரம் சுட்ட ஒரு ரொட்டி, ஓடு மாதிரி. நான் மரியாதைக்குக் கடித்தேன், பல்தான் நொந்தது. அவர் பதறி அதைப் பறித்து, தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, தக்காளியும் எண்ணெயும் உப்பும் போட்டுத் திருப்பித் தந்தார். அதற்குப் பிறகு நான் நான்கு தின்றேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. தங்கிய வீட்டுக்கார அம்மாவிடம் அபி பணிவாகச் சொன்னாள்: இன்றைக்கு அம்மா இறைச்சி சாப்பிடமாட்டார், சமயம். அவர் முகம் மலர்ந்தது. "நாங்களும் வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டோம்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து, அதே பக்தியோடு ஒரு சட்டி நிறையக் கணவாய் மீன் கொண்டுவந்து வைத்தார். விளங்கப்படுத்த அபியிடம் பேக்கரி இத்தாலியன் போதவில்லை. நான் கீரையும் அவரைப் பருப்பு மசியலும் சாப்பிட, அவள் எனக்காகவும் சேர்த்துக் கணவாயைத் தின்று குடும்ப மானத்தைக் காப்பாற்றினாள்.

நாலாம் நாள் காலை எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்திருந்தது. மூன்று நாளில் ஒரு தரம்தான் விழுந்தேன், அதுவும் எலுமிச்சையால். "இண்டைக்கு நான் முன்னால போறன்" என்றேன்.

"வலப்பக்கம்" என்றாள் அபி.

"ஓம் ஓம்."

அது ஒரு நேரான சின்னப் பாதை. ஒரு குருவி, ஒரு தவளை இல்லை. பத்து நிமிடம் வலப்பக்கம் போனேன். முதுகு கூசியது. யாருமே இல்லாத பாதையில் எந்தப் பக்கம் போனால் என்ன என்று இடப்பக்கம் மாறினேன். நிம்மதியாக இருந்தது. அபி எங்கேயோ பின்னால் ஒரு படம் எடுக்க நின்றுவிட்டாள்.

இடப்பக்க மதிலில் ஒரு திறப்பு இருந்தது. அதிலிருந்து ஒரு மூன்று சில்லுச் சின்னப் பாரவண்டி வந்தது. அதை ஓட்டியவர் தன் இடது பக்கம் வடிவாகப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. வலது பக்கம் திருப்பினார். அங்கே நான்.

நான் கத்தினேனா, அவர் கத்தினாரா தெரியாது. வண்டியின் மூக்கு என் முன்சில்லைத் தட்டியது. நான் மதில் ஓரத்துப் புதரில் இருந்தேன். முழங்கை உரசியிருந்தது, ஹெல்மெட் ஒரு கண்ணை மூடியிருந்தது. வேறொன்றும் இல்லை. வண்டியிலிருந்து ஒரு கூடை அப்ரிகொட் பழம் பாதை முழுக்க உருண்டது.

அபி வந்த வேகத்தை நான் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டேன். "அம்மா! அம்மா! அசையாதைங்கோ! விரலை ஆட்டுங்கோ! எத்தினை விரல்?"

"அசையாமல் எப்பிடி ஆட்டுறது?"

அந்த மனிதர், பெயர் கோசிமோ என்று பிறகு சொன்னார், எழுபது வயது இருக்கும், வெள்ளையாகிப்போய் நின்றார். எனக்கு ஒன்றும் இல்லை என்று கண்டதும் அவருக்குக் கோபம் வந்தது. பயந்தவர்களுக்கு வருகிற கோபம். எனக்கு அது நல்ல பழக்கம். அவர் என்னை விட்டுவிட்டு வாசலுக்கு நடந்து போய், நடந்ததை முழுவதுமாக நடித்துக் காட்டினார். கையில் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார். கழுத்தை நீட்டி இடப்பக்கம் பார்த்தார்.

அபி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். "நான் இங்கே பார்க்கிறேன். என் பக்கத்துக்கு வாகனம் இங்கேயிருந்துதான் வரும். கார் வரும், லொறி வரும், பாதிரியார் வருவார். எல்லாம் இங்கேயிருந்து. பார்த்தேன், ஒருவரும் இல்லை. திருப்பினேன். உன் அம்மா அங்கேயிருந்து வந்தாள். அங்கேயிருந்து..."

அபி நிறுத்திவிட்டாள். கோசிமோ நிறுத்தவில்லை. அதே வசனத்தைக் கையைத் தட்டித் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. கவனமாப் போகட்டாம்."

எனக்கு இத்தாலியன் தெரியாது. ஆனால் அந்த வசனத்தை நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். ஐப்பசியில், ஆஸ்பத்திரி நடைபாதையில், வான் ஓடியவர் பொலிஸ்காரரிடம் தொப்பியைக் கசக்கிக்கொண்டு சொன்னார்: நான் பார்த்தேன் ஐயா, பார்த்துவிட்டுத்தான் திருப்பினேன், ஒருவரும் வராத பக்கத்தால் அவள் வந்தாள். நான் அந்த மனிதரைப் பொய்யன் என்றேன். தமிழில்தான் சொன்னேன், என்றாலும் அவருக்கு விளங்கியது.

கோசிமோவும் நாங்களுமாகப் பழங்களைப் பொறுக்கினோம். நசிந்தவற்றை எங்களுக்குத் தந்தார். என் முழங்கையைக் கழுவிவிட்டார். கடைசியாக என் இரண்டு தோளையும் பிடித்து, ஒரு அலுமாரியை நகர்த்துவதுபோல என்னைப் பாதையின் வலது ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் போனார்.

அடுத்த கிராமத்துக்குப் போனோம். அங்கே ஊர் பூட்டியிருந்தது. தேவாலயப் படியில் நிழல் இருந்தது. உட்கார்ந்தோம்.

"அபி, அண்டைக்கு லோரன்ஸில நீ எந்தப் பக்கத்தால வந்தனீ?"

"விடுங்கோ அம்மா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவள் அப்ரிகொட் கொட்டையைக் கையில் உருட்டினாள். "நீங்கள் சொன்ன பக்கத்தால."

அவளுக்குப் பத்து வயதில், கனடாவுக்கு வந்த முதல் கோடையில், மாடிக்கட்டடத்துக் கார் தரிப்பிடத்தில் சைக்கிள் பழக்கியது நான். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். முதல் பாடமாகச் சொன்னேன்: இடப்பக்கம் போ, வாகனம் உன் முகத்துக்கு நேரே வரவேணும். எவ்வளவு கெட்டித்தனமான விதி என்று எனக்கே பெருமை. கடைவாசலால் திரும்புகிற வான் எந்தப் பக்கம் பார்க்கும் என்று நான் யோசிக்கவில்லை. கோணங்களைப் பத்து வருடம் படிப்பித்தவள்.

"பிழையெண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியும். யூனிவர்சிற்றியில சைக்கிள் ஓடுற ஆக்கள் சொன்னவை. நான் வலப்பக்கம்தான் ஓடுறனான். ஆனா லோரன்ஸ் பெரிய ரோட். அண்டைக்கு பஸ் ஒண்டு கிட்ட உரசிக்கொண்டு போச்சுது, பயந்திட்டன். பயம் வந்தா நான் உங்கட பக்கம்தான் போறனான், அம்மா. சின்னனில இருந்து."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் பதினொரு நாள் அந்தக் கதிரையை விட்டு எழும்பேல்லை. அதுக்குள்ள இதையும் சொல்லுறதே? பொலிசுக்கும் நான் கவனிக்கேல்லை எண்டுதான் சொன்னனான்."

மாரி முழுக்க நான் என்ன செய்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். ரெலிபோனில் கேட்ட ஒவ்வொருவருக்கும், கோயிலில் கண்ட ஒவ்வொருவருக்கும், "கவனமில்லாத பிள்ளை, சொன்னால் கேட்கிறதில்லை" என்றேன். அவள் பக்கத்தில்தான் நின்றாள், கையில் கட்டோடு. சொன்னதைக் கேட்டபடியால் வந்த கட்டு அது.

"சரி" என்றேன். "ஹலிஃபக்ஸுக்குப் போ."

அவளுக்குக் கோபம் வந்தது. "உப்பிடி வேண்டாம். உதுக்குத்தான் நான் சொல்லாமல் இருந்தனான். குற்றத்துக்குக் குடுக்கிற ஓம் எனக்கு வேண்டாம். ரெண்டு நாள் கிடக்கு. என்னைப் பாத்திட்டுச் சொல்லுங்கோ."

நான் தண்ணீர் குடித்தேன். அவளுக்கும் கொடுத்தேன். ஐந்து மணிக்குக் கதவுகள் திறக்கும்வரை அந்தப் படியிலேயே இருந்தோம்.

ஐந்தாம் நாள் முழுக்க நான் வலப்பக்கம், அவளுக்கு மூன்று சைக்கிள் தூரம் பின்னால். ஆறு நாளில் அன்றுதான் அவள் ஓடுவதைப் பார்த்தேன். அதற்கு முன் அவள் விழுவதற்காகக் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். சந்திகளில் நின்றாள். கையைக் காட்டித் திரும்பினாள். கல் கிடந்தால் விரலால் எனக்குக் காட்டினாள். ஒரு நாய் கலைத்தபோது கலங்காமல், பேக்கரி முதலாளி அம்மாவிடம் பழகிய ஏதோ ஒரு சொல்லைச் சொன்னாள். நாய் திரும்பிப் போய்விட்டது. அர்த்தம் கேட்டேன், சொல்லவில்லை.

ஆறாம் நாள், கடலுக்குப் போகிற நாள். ஒத்ராந்தோ என்ற கோட்டைப் பட்டினத்தில் பயணம் முடிகிறது. வரைபடத்தில் அதுவரை மெல்லிய வெள்ளைக் கோடாக வந்த எங்கள் பாதை, கடைசி மூன்று கிலோமீட்டருக்குத் தடித்த சிவப்புக் கோட்டில் போய்ச் சேர்ந்தது. வேறு வழி இல்லை. லொறிகள், பஸ்கள், கடலுக்குப் போகிற கார்கள்.

அபி அந்தச் சந்தியில் காலை ஊன்றி நின்றாள். ஒரு லொறி போனது. இன்னொன்று போனது. பாதை வெறுமையானது. அவள் புறப்படவில்லை. பிரேக்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

"ஐப்பசிக்குப் பிறகு பெரிய ரோட்டில ஏறேல்லை அம்மா" என்றாள். "எனக்குப் பயமாக் கிடக்கு. என்ர சில்லு அங்கால போகப் பாக்குது."

அவள் காட்டியது இடப்பக்கம்.

இல்லை என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்திருக்காது. ஒரு வாரமாக நான் அதைத்தான் தேடிக்கொண்டு வந்தேன். இறங்கி நடந்தால் ஒரு மணி நேரம். அல்லது பஸ். அவளே ஏற்றுக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்திருப்பாள். எப்போதைக்குமாக.

"நீ முன்னால போ" என்றேன். "வலப்பக்கம். பின்னால வாறதை நான் பாக்கிறன். ஒவ்வொண்டா உனக்குச் சொல்லுறன்."

ஏறினோம். நான் என் வகுப்பறைக் குரலை எடுத்தேன். "லொறி! பெரிசு! நேர போ! போட்டுது. இப்ப கார், வெள்ளை, தள்ளித்தான் வருது. அடுத்தது பஸ், பிள்ளை, பஸ்! அசையாதை, அவன் விலத்துறான். நல்ல பெடியன்! இப்ப ஒண்டுமில்லை. இப்பவும் ஒண்டுமில்லை. ஐயோ மோட்டசைக்கிள்!" என்னைக் கடந்த ஒரு காரில் குடும்பமாகக் கையசைத்தார்கள். ஏதோ பந்தயத்துக்கு நேர்முக வர்ணனை என்று நினைத்திருக்கவேண்டும்.

இரண்டு கிலோமீட்டரில் என் குரல் போய்விட்டது. தூசி அடைத்தது. மூச்சும் போதவில்லை. எங்களுக்கு இடையில் தூரம் கூடியது. மூன்று சைக்கிள், பத்து, பிறகு ஒரு வீதி விளக்குத் தூரம். நான் கத்த முயன்றேன், காற்றுத்தான் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முன்னால் பட்டினத்துக்குப் பிரிகிற திருப்பம். அது இடப்பக்கம். பெரிய வீதியைக் குறுக்கே கடக்கவேண்டும். நான் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். அபி தோளுக்கு மேலால் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள், என்னை அல்ல, வீதியை. இடது கையை நீட்டினாள். நடுவுக்கு வந்தாள். எதிரே ஒரு தண்ணீர் லொறி வந்தது. அவள் ஒரு காலை ஊன்றி, நீட்டிய கையைத் தாழ்த்தாமல், அது போகும்வரை நின்றாள். முறிந்த தோளின் கை அது. பிறகு கடந்து, அந்தப் பக்கம் போய், நிழலில் இறங்கி எனக்காக நின்றாள்.

நான் அந்தத் திருப்பத்தை இறங்கி, உருட்டிக்கொண்டுதான் கடந்தேன்.

கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரெலிபோன் கூண்டு இருந்தது. கணவருக்குப் பின்னேர வேலை. ரொறன்ரோவில் அப்போது காலை, வீட்டில் நிற்பார். அபி இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள்.

"என்னப்பா, குரல் இப்பிடிக் கிடக்கு? அழுதனீரோ?"

"இல்லை, கத்தினனான். இஞ்சருங்கோ, ஒண்டு சொல்லவேணும். ரெலிபோன் காட் முடியமுதல் சொல்லிப்போடுறன்."

லோரன்ஸைப் பற்றிச் சொன்னேன். கார் தரிப்பிடத்தைப் பற்றி, இடப்பக்கத்தைப் பற்றி. பெட்டியில் இலக்கங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன.

"நீர் பழக்கேக்க நானும் பக்கத்தில நிண்டனான்" என்றார் கடைசியில். "நல்ல யோசனை எண்டு நானும்தான் சொன்னனான். நான் காரும் ஓடுறவன்."

பிறகு கேட்டார்: "ஹலிஃபக்ஸ் விசயம் என்ன சொல்லப் போறீர்?"

அத்தோடு காட் முடிந்தது.

வெளியே வந்தேன். அபி கண்ணாடிக்கு அப்பால் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கவேண்டும்.

"அப்பா என்னவாம்?"

"தானும்தானாம்."

அவள் தலையைக் குனிந்து சைக்கிள் மணியைத் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. "ஹலிஃபக்ஸ்?"

"அது உப்பிடித் தட்டையான ஊர் இல்லையாம். முழுக்க ஏத்தமும் இறக்கமுமாம். நீ கொண்டுவந்த புத்தகத்தில படத்தைப் பாத்தனான். கியர் கூடினதாப் பாத்து வாங்கு. பிரேக்கும் நல்லதா இருக்கவேணும்."

"அம்மா, உதுக்கு ஓம் எண்டு அர்த்தமோ?"

"ஓம்."

"என்னைப் பாத்துத்தானே சொல்லுறீங்கள்?"

"வேற ஆரைப் பாத்தனான், ஆறு நாளும்?"